குண்டு விழுந்த தூரம்

முதுநகர் துறையில் ஏழு மணிக்கென்றார்கள்.
ஏழே முக்காலுக்கு இன்ஜின்
மூன்றாம் முறை இருமிப் பிடித்துக்கொண்டது.
எட்டுப் பேர், எட்டு ஆரஞ்சு மிதவைச் சட்டைகள்,
தூக்குவாளியில் எலுமிச்சை சாதம்.
என் சட்டைக்கு மட்டும் வார் அறுந்திருந்தது.
"இடுப்பளவு ஆழந்தாங்க" என்றார் படகோட்டி மாயவன்.
யாருடைய இடுப்பு என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்த ஆற்றை எனக்குத் தெரியும்.
வாரத்துக்கு இரண்டு முறை என் மேசைக்கு வரும்
அரை லிட்டர் போத்தலில்,
கழுத்தில் தேதியும் நேரமும் கட்டிக்கொண்டு.
அதன் உப்பு தெரியும், புளிப்பு தெரியும்,
மூச்சு எவ்வளவு மிச்சம் என்று
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை தெரியும்.
அது வளையும் என்பதுதான்
தெரியாமல் இருந்தது.

வலப்பக்கம் சிங்காரத்தோப்பு.
கரையேற்றிய விசைப்படகுகளின் வயிற்றைச் சுரண்டி
நீலம் பூசிக்கொண்டிருந்தார்கள்.
மிதக்கும் செருப்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டு போனோம்.
"கூழைக்கடா!" என்றார் கலியவரதன்,
மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்ந்தவர்,
தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.
"மூணு. இல்ல, நாலு."

கெடிலம் வந்து சேரும் இடத்தில்
ஜமீலா எழுந்து நின்று வரலாறு சொன்னார்.
படகு ஆடியதில் பாதி வரலாற்றை
உட்கார்ந்துதான் சொன்னார்.
கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியதாம்.
கூட எவ்வளவு நிலம் என்றதற்கு
பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் என்று பேச்சாம்.
இருப்பதில் பெரிய பீரங்கியாகப் பார்த்து
திசைக்கொன்றாய்ச் சுட்டார்களாம்.
விழுந்த இடம் எல்லை.
"குண்டு உப்பலவாடின்னு இன்னும் பேர் இருக்குல்ல?"
போகிற பேருந்தின் நெற்றியில்
நூறு தடவை படித்திருக்கிறேன்.
யாரோ குண்டான ஆள் என்று நினைத்திருந்தேன்.

"அதோ விராலடிப்பான்!"
வரலாறு கொஞ்சம் காத்திருந்தது.
நீரில் இறங்கி வெறுங்காலோடு எழுந்த பறவை
உதறிக்கொண்டு மறுபடி வட்டமிட்டது.
அதற்குப் பேச்சில்லை, பத்திரமில்லை,
மறுபடி வட்டம்.

எனக்கு அந்தக் குண்டுதான் நினைப்பில் உருண்டது.
நாற்று முடிச்சோடு குனிந்திருந்த ஒருத்தி
தொம்மென்ற சத்தத்துக்கு நிமிர்ந்திருப்பாள்.
புழுதி அடங்கியதும் மறுபடி குனிந்திருப்பாள்.
இடையில் அவள் வேறு ஆளின் குடியாகிவிட்டதை
யாரும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள்.
எங்கள் ஆலை வாசனைக்கும் ஓர் எல்லை உண்டு.
காற்றைப் பொறுத்து அது
தினம் ஓர் ஊரில் போய் விழும்.
இதைப் படகில் சொல்லவில்லை.
எலுமிச்சை சாதம் கை மாறிக்கொண்டிருந்தது.

முகத்துவாரத்தில் இன்ஜினை நிறுத்தினார்.
காது முதலில் நம்பவில்லை.
பிறகு, கண்டல் வேர்களுக்கடியில்
நண்டு வளைகள் குமிழிட்டுக் குமிழிட்டுப்
பேசுவது கேட்டது.
கை விட்டேன் நீரில். கையுறை இல்லாமல்,
பதினாலு வருஷத்தில் முதல் தடவை.
வெதுவெதுப்பாக இருந்தது.
அதற்கு எங்களிடம் தெர்மாமீட்டர் உண்டு;
ஆனால் இது வேறு.

மடவை ஒன்று துள்ளி
ஜமீலாவின் வரைபடத்தில் விழுந்தது,
கோட்டைக்குத் தெற்கே, அரை அங்குலம் தள்ளி.
எல்லோரும் சிரித்தோம்.
மாயவன் அதை வாலைப் பிடித்து
ஆற்றிடமே கொடுத்தார்.

திரும்புகையில் ஓதம் வற்றி
மணல்திட்டில் தட்டிப் படகு நின்றது.
இறங்கித் தள்ளச் சொன்னார்.
மாயவனுக்கு முழங்காலுக்கு மேல் கொஞ்சம்.
எனக்கு,
ஆம், என் இடுப்பு.
விரல்களுக்கிடையில் சேறு
நெய்யாய் வழுக்கியது. ஏதோ ஒன்று
கணுக்காலை உரசிவிட்டுப் போனது.
அதன் பேரை நான் கேட்கவில்லை.

இரவு பத்தரைக்குக் கலியவரதன் போன் செய்தார்:
திட்டில் பார்த்த ஆலாக்கள் பதினொன்று இல்லையாம்,
பன்னிரண்டாம்.
ஒன்று மணலோடு மணலாக உட்கார்ந்திருந்ததாம்,
படத்தைப் பெரிதாக்கினால் தெரிகிறதாம்.
சரிங்க, என்றேன்.
கைக்குக் கிடைத்தது போத்தலில் ஒட்டும் சீட்டு.
தேதி, நேரம், இடம் என்று இருந்த கட்டங்களுக்குக் கீழே
பன்னிரண்டு
என்று எழுதிவைத்தேன்.